'வயதுக்கு ஏற்ற சுருக்கம்' என்கிறது எம்ஆர்ஐ: அம்மாவுக்கு பெட் ஸ்கேன் தேவையா?

கேள்வி: என் அம்மாவுக்கு 69 வயது. கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பிரஷரும் சர்க்கரையும் உண்டு. சர்க்கரைக்குப் பல வருடங்களாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். ஒரு வருடமாகக் கேட்டதையே திரும்பக் கேட்கிறார். காலை மாத்திரை போட்டோமா இல்லையா என்பது நினைவில் நிற்பதில்லை. ஆனால் சமையல், வெளியே போய் வருவது எல்லாம் தனியாகத்தான். வங்கிக் கணக்கையும் அவரேதான் பார்த்துக்கொள்கிறார், என்ன, முன்பெல்லாம் மனதிலேயே கூட்டுபவர் இப்போது தாளில் எழுதி இரண்டு முறை சரிபார்க்கிறார். நினைவாற்றல் சோதனையில் 30-க்கு 23 வந்தது. 'எம்சிஐ' என்றார்கள். எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் 'வயதுக்கு ஏற்ற மூளைச் சுருக்கம், சிறு ரத்தநாள மாற்றங்கள், ஃபாசெகாஸ் 1' என்று இருக்கிறது. ஒரு டாக்டர் ஸ்கேன் நார்மல், கவலை வேண்டாம் என்கிறார். இன்னொருவர் பெட் ஸ்கேன் எடுத்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்கிறார். அல்சைமருக்குப் புது ஊசி வந்திருக்கிறது, சீக்கிரம் ஆரம்பிக்க வேண்டும் என்று தம்பி அவசரப்படுத்துகிறான். எந்த ஸ்கேன் எடுத்தால் உறுதியாகத் தெரியும்? தெரிந்தால் சிகிச்சை மாறுமா? அம்மாவிடம் சொல்லலாமா?

பதில்: நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டை விட, மனக்கணக்குப் போட்டவர் இப்போது தாளில் எழுதிச் சரிபார்க்கிறார் என்ற வரிதான் எனக்கு அதிகம் சொன்னது. முன்பு இருந்ததை விடக் குறைந்திருக்கிறது, ஆனால் வேலை நிற்கவில்லை. கொஞ்சம் கூடுதல் நேரம், கொஞ்சம் கூடுதல் கவனம், அவ்வளவுதான். லேசான அறிவாற்றல் குறைபாடு, அதாவது எம்சிஐ, என்பது இதுதான். ரொனால்டு பீட்டர்சனும் அவருடைய சகாக்களும் 1999-ல் வகுத்த வரையறையின் சாரம் இன்றும் மாறவில்லை: நினைவாற்றல் குறைந்திருக்கிறது என்று அவரோ வீட்டாரோ உணர வேண்டும், சோதனையில் அது தெரிய வேண்டும், அன்றாட வாழ்க்கையை அவர் இன்னும் சொந்தமாக நடத்த வேண்டும். நடத்த முடியாமல் போனால் அதற்குப் பெயர் டிமென்ஷியா. இந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் அம்மா நிற்கிறார் என்பதை எந்த ஸ்கேனும் சொல்லாது. கூட இருப்பவர் சொல்வதும், நிதானமாக உட்கார்ந்து செய்யும் சோதனையும்தான் சொல்லும்.

அந்த 23-ஐப் பற்றி ஒரு வார்த்தை. அம்மாவுக்குச் செய்தது மோகா சோதனை என்றால், 26-க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும் என்பது வழக்கம். பள்ளிப் படிப்பு குறைவாக உள்ளவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டித் தருவார்கள். உங்கள் அம்மா காலமெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிப்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அப்படிப்பட்டவர் 23 வாங்கினால், எந்தப் பகுதியில் மதிப்பெண் போயிற்று என்று பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து ஐந்து சொற்களை நினைவுகூரும் இடத்தில் போயிருந்தால் ஒரு கதை, கவனத்திலும் வேகத்திலும் போயிருந்தால் வேறு கதை. விடைத்தாளின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள், தருவார்கள்.

இப்போது ஸ்கேன். எம்சிஐ இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஸ்கேன் வருவதில்லை. எதனால் வந்தது என்று தேடுவதற்கே வருகிறது. இரண்டு டாக்டர்களும் முரண்படுவது போலத் தோன்றினாலும் இருவரும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். முதல்வர், 'ஆபத்தாக ஏதாவது இருக்கிறதா' என்ற கேள்விக்கு இல்லை என்றார். இரண்டாமவர், 'அல்சைமரா' என்ற கேள்விக்கு இந்தப் படம் போதாது என்றார். இருவர் சொன்னதும் சரி.

முதல் கேள்வியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மறதி என்று வருகிறவர்களில் சிலருக்கு மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே ரத்தம் மெல்லக் கசிந்து தேங்கியிருக்கும். வாரக்கணக்கில் முன்பு கதவு நிலையில் இடித்துக்கொண்டது யாருக்குமே ஞாபகம் இருக்காது, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் இன்னும் எளிதாக வரும். சிலருக்கு மெதுவாக வளரும் கட்டி. சிலருக்கு மூளையின் நீரறைகள் பெருத்திருக்கும். நடை தடுமாற்றமும் சிறுநீர் அடக்க முடியாமையும் கூடவே இருக்கும். சிலருக்குத் தலாமஸ் போன்ற முக்கியமான ஒரு புள்ளியில், கை கால் விளங்காமல் போகாமலேயே, ஒரு சின்ன பக்கவாதம் வந்து போயிருக்கும். இவற்றில் சில அறுவை சிகிச்சையில் சரியாகிவிடக்கூடியவை. அம்மாவுக்கு இவை எதுவும் இல்லை என்பதே அந்த எம்ஆர்ஐயின் பெரிய பதில். (பேஸ்மேக்கர் போன்ற காரணங்களால் எம்ஆர்ஐ எடுக்க முடியாதவர்களுக்கு இந்த அளவு வேலையை சிடி ஸ்கேனே செய்துவிடும்.)

ஆனால் அந்த எம்ஆர்ஐயிலிருந்து இன்னும் கறக்க வேண்டியது பாக்கி இருக்கிறது என்று நினைக்கிறேன். ஸ்கேனுக்கு எழுதித் தரும் சீட்டில் 'மறதி' என்று மட்டும் எழுதியிருந்தால், ரேடியாலஜிஸ்ட் ஒரு நாளில் பார்க்கும் அத்தனை படங்களுக்கு நடுவே இதையும் பார்த்து, கட்டி இல்லை, ரத்தக்கசிவு இல்லை, 'வயதுக்கு ஏற்ற சுருக்கம்' என்று முடித்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. கேட்ட கேள்விக்குத்தான் பதில் வரும். நாம் கேட்க வேண்டியது: ஹிப்போகேம்பஸ் எப்படி இருக்கிறது?

காதுக்கு நேர் உள்ளே, மூளையின் அடிப்பக்கமாக, இடமும் வலமும் ஒவ்வொன்று இருக்கும். ஒவ்வொன்றும் சுமார் மூன்று கன சென்டிமீட்டர்தான். புதிதாகக் கேட்டதும் பார்த்ததும் நினைவாகப் பதிய அது வேண்டும். அல்சைமரில் முதலில் மெலியும் இடங்களில் ஒன்றும் அதுவே. மூளையை முகத்துக்கு இணையாகச் சீவினாற்போல் எடுக்கும் கரோனல் படங்களில் அதைப் பார்க்க வேண்டும். ஹிப்போகேம்பஸ் சாம்பல் நிறத்தில், உள்பக்கமாகச் சுருண்டு தெரியும். சுற்றியுள்ள மூளைநீர் கறுப்பாகத் தெரியும். அது மெலிய மெலியக் கறுப்பு அகலமாகும். ஷெல்டன்ஸ் குழுவினர் 1992-ல் இதற்கு 0 முதல் 4 வரை ஒரு அளவுகோல் தந்தார்கள், கண்ணால் பார்த்தே மதிப்பெண் போடலாம். 75 வயதுக்குக் கீழே 2 வந்தாலே கவனிக்க வேண்டும். அதற்கு மேற்பட்ட வயதில் 3 வரும்போது கவனிப்போம். உங்கள் ரிப்போர்ட்டில் இந்த எண் இல்லை. புது ஸ்கேன் தேவையில்லை, பழைய படத்தையே மறுபடி பார்த்து எழுதித் தரலாம். மருத்துவரிடம் இதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். கூடவே, பின்மூளைப் பக்கம், குறிப்பாக உச்சிக்குப் பின்னால் உள்ள பரைட்டல் பகுதி சுருங்கியிருக்கிறதா, நுண்ரத்தக் கசிவுப் புள்ளிகள் இருக்கின்றனவா என்பதையும் கேளுங்கள். பின்னது ஊசி விஷயத்தில் தேவைப்படும், அதற்கு வருகிறேன்.

ஃபாசெகாஸ் 1 என்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். மூளையின் வெள்ளைப் பகுதியில் தெரியும் வெண்புள்ளிகளுக்கு 0 முதல் 3 வரை போடும் எண் அது. 1 என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில புள்ளிகள். 69 வயதில், பிரஷரோடு, இது சர்வசாதாரணம். அந்த 23-க்கு இது மட்டுமே காரணமாக இருக்க வாய்ப்பில்லை. ஆனால் பிரஷரை ஒழுங்காகப் பார்க்கச் சொல்லும் நினைவூட்டலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிண்ட் மைண்ட் என்ற ஆய்வு, 2019-ல் வெளிவந்தது, மேல் அழுத்தத்தை 140-க்குப் பதில் 120-க்குக் கீழே வைத்தவர்களுக்குப் புதிதாக எம்சிஐ வருவது 19% குறைந்ததாகக் காட்டியது. அதில் சர்க்கரை நோயாளிகளைச் சேர்க்கவில்லை, அதனால் 120 என்ற எண்ணை அம்மாவுக்கு அப்படியே பொருத்த முடியாது. எந்த அளவு என்பதை அவருடைய மருத்துவர் முடிவு செய்யட்டும். ஆனால் காலை மாத்திரை போட்டோமா என்றே தெரியாத நிலையில் அளவைப் பற்றிப் பேசுவது வீண். நாள்வாரியாக அறைகள் உள்ள மாத்திரைப் பெட்டி ஒன்றை வாங்கிக் கொடுங்கள். எந்த ஸ்கேனை விடவும் இது உடனே பலன் தரும்.

சரி, எம்ஆர்ஐயில் ஹிப்போகேம்பஸும் நன்றாக இருக்கிறது என்று வந்தால்? அப்போதும் 'அல்சைமர் இல்லை' என்று சொல்ல முடியாது. அல்சைமரில், அமிலாய்டு என்ற புரதம் மூளையில் படிய ஆரம்பிப்பது மறதி தெரிவதற்குப் பத்து, இருபது வருடங்களுக்கு முன்பே. எம்ஆர்ஐ பார்ப்பது செல்கள் அழிந்து இடம் சுருங்கிய பிறகு. ஒரே படத்தை விட, ஒன்று ஒன்றரை வருட இடைவெளியில் இரண்டு படங்கள் அதிகம் சொல்லும். ஆரோக்கியமான முதியவர்களுக்கு ஹிப்போகேம்பஸ் ஆண்டுக்கு ஏறக்குறைய 1.4% சுருங்குகிறது, அல்சைமரில் இது 4 முதல் 5%. சொல்லும்போது வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது. மூன்று கன சென்டிமீட்டரில் 1% எவ்வளவு என்று அம்மாவிடம் கேளுங்கள், நொடியில் சொல்வார்! தலை கொஞ்சம் சாய்ந்திருந்தாலும், வேறு இயந்திரத்தில் எடுத்தாலும் அந்த அளவு வித்தியாசம் தானாகவே வந்துவிடும். ஆகவே மறுபடி எடுத்தால் அதே மையத்தில், அதே இயந்திரத்தில் எடுங்கள். மென்பொருள் போட்டுத் தரும் 'ஹிப்போகேம்பஸ் கொள்ளளவு' எண்ணை மட்டும் வைத்து யாரும் உங்களைப் பயமுறுத்த விடாதீர்கள்.

இனி பெட். லேசான கதிரியக்கம் உள்ள ஒரு மருந்தை நரம்பில் ஏற்றி, அது மூளையில் எங்கே போய்ச் சேர்கிறது என்று படம் எடுப்பது. இரண்டாவது டாக்டர் எந்த பெட் ஸ்கேனைச் சொன்னார் என்று நீங்கள் எழுதவில்லை. அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் பெயர்தான் ஒன்று, காட்டுவது வேறு வேறு.

எஃப்டிஜி பெட், குளுக்கோஸைப் போன்ற ஒரு மருந்தை ஏற்றி, மூளை எங்கெங்கே எவ்வளவு குளுக்கோஸை உறிஞ்சுகிறது என்று காட்டும். செல்கள் அழியும் முன்பே அவற்றின் வேலை குறைந்துவிடும் என்பதால் எம்ஆர்ஐயில் தெரியாதது இதில் தெரியலாம். அல்சைமரில் நெற்றியோரப் பொட்டுக்குப் பின்னாலும் உச்சிக்குப் பின்னாலும் உள்ள பகுதிகள், அப்புறம் நடுக்கோட்டில் பின்பக்கம் உள்ள சிங்குலேட் பகுதி மங்கும். முன்மூளை மங்கினால் குணமும் நடத்தையும் மாறுகிற வேறு வகை டிமென்ஷியா. பின்மண்டைப் பகுதி மங்கினால் லூயி பாடி நோயைச் சந்தேகிப்போம், அதில் இல்லாத உருவங்கள் தெரிவதும் உறக்கத்தில் கை காலை வீசுவதும் உண்டு. ஆக, எந்த வகை என்ற குழப்பம் இருக்கும்போது எஃப்டிஜி கை கொடுக்கும்.

இந்த ஸ்கேன் எடுப்பதென்றால் இரண்டு விஷயம். அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால், அன்று காலை ரத்தச் சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால், உடலில் ஏற்கனவே உள்ள குளுக்கோஸ் செலுத்துகிற மருந்தோடு போட்டி போட்டு, படம் முழுக்க மங்கிவிடும். 160-ஐத் தாண்டினால் பல மையங்கள் வேறு தேதி கொடுத்துவிடும். இரண்டாவது, மருந்து ஏற்றியபின் அரைமணி நேரம் போல மங்கலான வெளிச்சத்தில், சத்தமில்லாத அறையில், பேசாமல் படிக்காமல் உட்கார வேண்டும். அந்த நேரத்தில் மூளை எதைச் செய்கிறதோ அதுவே படத்தில் பதியும். துணைக்குப் போகிறவர்கள் பாட்டி சும்மா இருக்கிறாரே என்று போனைக் கையில் கொடுத்துவிட்டால் பார்வைப் பகுதி பளிச்சென்று தெரியும். அன்றைக்கு உங்கள் வேலை, அம்மாவோடு பேசாமல் இருப்பது.

அமிலாய்டு பெட் வேறு ரகம். அமிலாய்டு படிந்த இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் மருந்தைச் செலுத்தி எடுப்பது. ஃப்ளோர்பெட்டாபிர் என்ற முதல் மருந்துக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2012-ல் அனுமதி தந்தது. அதற்கு முன்பு, ஆராய்ச்சி மையங்களுக்கு வெளியே, இறந்தபின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தோ முதுகுத்தண்டு நீரைச் சோதித்தோதான் அமிலாய்டைத் தெரிந்துகொள்ள முடிந்தது. இந்த மருந்துகளில் உள்ள ஃப்ளோரின்-18 சுமார் 110 நிமிடத்தில் பாதியாகத் தேய்ந்துவிடும். அன்றே தயாரித்து அன்றே கொண்டுவந்து போட வேண்டும். எல்லா ஊரிலும் கிடைக்காததற்குக் காரணம் அதுதான்.

இதன் பதிலைப் படிப்பதில்தான் குடும்பங்கள் தடுக்கி விழுகின்றன. 'இல்லை' என்று வந்தால் அது உறுதியான பதில்: அம்மாவின் மறதிக்கு அல்சைமர் காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, வேறு எங்காவது தேடுங்கள். 'இருக்கிறது' என்று வந்தால் அவ்வளவு உறுதி கிடையாது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் வெளியானதொரு கணக்கில், நினைவாற்றல் நன்றாக உள்ளவர்களிலேயே 50 வயதில் 10% பேருக்கும் 90 வயதில் 44% பேருக்கும் அமிலாய்டு இருந்தது. அதாவது அமிலாய்டு இருப்பதும் அதுவே மறதிக்குக் காரணம் என்பதும் ஒன்றல்ல. 60-களில் இருப்பவருக்கு, வழக்கமான அல்சைமர் பாணியில் நினைவு குறைந்திருந்தால், 'இருக்கிறது' என்ற பதிலுக்கு எடை அதிகம். 85-ல் அதே பதிலுக்கு எடை குறைவு. அம்மா முதல் வகைக்குப் பக்கத்தில் இருக்கிறார்.

ஸ்கேன் எடுத்தால் சிகிச்சை மாறுமா என்று கேட்டீர்கள். அமெரிக்காவில் ஐடியாஸ் என்ற பெரிய ஆய்வில், அமிலாய்டு பெட் எடுத்த 11,409 பேரைப் பார்த்தார்கள். 2019-ல் வந்த முடிவின்படி, எம்சிஐ உள்ளவர்களில் 60% பேருக்கு மருத்துவர் தம் திட்டத்தை மாற்றினார். பெரிய எண்தான். ஆனால் மாறியது மருத்துவரின் திட்டம்; எந்த மாத்திரை, என்ன ஆலோசனை என்பது. நினைவாற்றல் மேம்பட்டது என்று இதை வாசித்துவிடக் கூடாது.

டாவ் என்ற இன்னொரு புரதத்துக்கும் பெட் வந்திருக்கிறது. உங்களுக்கு இப்போது அது தேவைப்படாது. செயல்பாட்டு எம்ஆர்ஐ, நரம்பிழைகளை வரைந்து காட்டும் எம்ஆர்ஐ என்று பத்திரிகையில் படித்திருப்பீர்கள். நூறு பேரின் சராசரியை இன்னொரு நூறு பேரோடு ஒப்பிட அவை நன்றாக உதவுகின்றன. எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு முடிவு சொல்ல நான் அவற்றைப் பயன்படுத்துவதில்லை. அவற்றை வைத்து 'மூளை வரைபடம்' எடுத்து, காந்தத் தூண்டல் கொடுத்து மறதியைப் போக்குகிறோம் என்று யாராவது விளம்பரம் செய்தால், அந்தப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். ஆராய்ச்சி நடக்கிறது, சிகிச்சை என்று விற்கும் கட்டத்துக்கு அது வரவில்லை.

பெட் மையத்துக்கு நேரம் வாங்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: மெட்ஃபார்மின். பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 வைட்டமின் குறையும். பி12 குறைந்தால் மறதி வரும், ஊசி போட்டால் சரியாகவும் வாய்ப்பு உண்டு. அதைப் பார்த்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. தைராய்டையும் பாருங்கள். சர்க்கரை இடையிடையே மிகவும் இறங்கிவிடுகிறதா என்பதையும். அப்புறம் அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், தூக்க மாத்திரை, அலர்ஜி மாத்திரை, சிறுநீர் அடக்க எடுக்கும் மாத்திரை என்று தானாக வாங்கிப் போடுவதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். இவற்றில் சில, நினைவுக்குத் தேவையான அசிட்டைல்கோலினையே தடுப்பவை. பலமாகக் குறட்டை விட்டு நடுவே மூச்சு நிற்கிறதா, காது மந்தமா, வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் மனம் சோர்ந்திருக்கிறாரா என்றும் பாருங்கள். மனச்சோர்வில் உள்ள ஒருவருக்கு அமிலாய்டு பெட் எடுத்து, அந்த வயதில் பலருக்கும் இருப்பதைப் போல அவருக்கும் இருந்து, 'அல்சைமர்' என்று முத்திரை குத்திவிட்டால், குணமாகக்கூடிய நோய் கவனிப்பாரின்றிப் போய்விடும்.

ரத்தப் பரிசோதனை ஒன்றும் வந்திருக்கிறது. பி-டாவ்217 என்ற புரதத்தையும் அமிலாய்டையும் ரத்தத்தில் அளந்து விகிதம் பார்க்கும் சோதனைக்கு, அறிகுறி உள்ளவர்களுக்காக, எஃப்டிஏ 2025 மே மாதம் அனுமதி தந்தது. கிடைக்கும் இடங்களில் இதை முதலில் செய்து, இரண்டும்கெட்டானாக வருகிறவர்களுக்கு மட்டும் பெட் எடுப்பது வழக்கமாகிவருகிறது. எனக்கு இது நல்ல வழியாகவே படுகிறது.

தம்பி சொல்லும் ஊசிகள் லெகனெமாபும் டொனானெமாபும். எஃப்டிஏ முன்னதற்கு 2023 ஜூலையிலும் பின்னதற்கு 2024 ஜூலையிலும் முழு அனுமதி தந்தது. சும்மா குத்திவிட்டு வரும் ஊசி அல்ல. முதலாவதைத் தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும் இரண்டாவதை நான்கு வாரத்துக்கு ஒருமுறையும் நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். அமிலாய்டை மூளையிலிருந்து உண்மையிலேயே அகற்றுகின்றன. லெகனெமாப் ஆய்வில் 18 மாதங்களில் சரிவு 27% மெதுவானது. அதே முடிவை இன்னொரு விதமாகச் சொன்னால், நினைவும் அன்றாடச் செயல்பாடும் எவ்வளவு குறைந்தன என்று அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் வித்தியாசம் 0.45. இரண்டும் உண்மை; தம்பி முதல் எண்ணைப் படித்திருக்கிறார், நீங்கள் இரண்டாவதையும் படியுங்கள். இழந்த நினைவு திரும்புவதில்லை, இழப்பது தாமதமாகிறது.

இங்கேதான் ஸ்கேன், நோயைக் கண்டுபிடிப்பதைத் தாண்டி, சிகிச்சையின் பாதியாகவே ஆகிவிடுகிறது. அமிலாய்டு இருக்கிறது என்று பெட், முதுகுத்தண்டு நீர் போன்ற ஒரு சோதனையில் உறுதி செய்யாமல் இந்த மருந்தைத் தொடங்கக் கூடாது. தொடங்கும் முன் எம்ஆர்ஐயில் நுண்கசிவுப் புள்ளிகளை எண்ண வேண்டும், அதற்கு எஸ்டபிள்யூஐ போன்ற தனிப் படவரிசை தேவை. நான்குக்கு மேல் இருந்தாலோ, மூளையின் மேற்பரப்பில் பழைய ரத்தக்கறை இருந்தாலோ பொதுவாகக் கொடுக்க மாட்டோம். தொடங்கிய பின், லெகனெமாபில் 5, 7, 14-வது தடவைக்கு முன் எம்ஆர்ஐ. 2025-ல் எஃப்டிஏ 3-வது தடவைக்கு முன்பும் ஒன்று எடுக்கச் சொன்னது. காரணம், அமிலாய்டு ரத்தநாளச் சுவரிலிருந்து கழலும்போது அங்கே நீர் கசிந்து வீங்கலாம், ரத்தமும் கசியலாம். லெகனெமாப் ஆய்வில் வீக்கம் 12.6% பேருக்கு வந்தது. பெரும்பாலோருக்கு எந்தத் தொந்தரவும் தெரியவில்லை, எம்ஆர்ஐயில் மட்டும் தெரிந்தது. ஆனால் அரிதாக உயிர்ச்சேதமும் நேர்ந்திருக்கிறது. ஏபிஓஇ-4 என்ற மரபணு இரண்டு பிரதியும் உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம், அதனால் அதையும் முன்கூட்டியே பார்க்கச் சொல்கிறோம். டொனானெமாபில் இன்னொன்று: அமிலாய்டு போய்விட்டது என்று பெட் காட்டினால் மருந்தை நிறுத்திவிடலாம்.

ஊசி கிடைக்கிற இடத்தில், முன் சொன்ன சோதனைகள் எல்லாம் முடிந்து, அம்மாவும் விரும்பினால், அமிலாய்டு பெட் எடுப்பதில் அர்த்தம் உண்டு. ஊசியே வேண்டாம் என்று நீங்கள் எல்லோரும் முடிவெடுத்துவிட்டால், 'தெரிந்துகொள்வோமே' என்பதற்காக மட்டும் எடுப்பதை நான் ஊக்குவிக்க மாட்டேன். அல்சைமருக்குக் கொடுக்கும் டொனெபெசில் போன்ற மாத்திரைகளும் எம்சிஐ கட்டத்தில் டிமென்ஷியா வருவதைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. அம்மாவுக்கு நான் இப்போது சொல்வது: ரத்தப் பரிசோதனைகள், விரிவான உளவியல் சோதனை, பழைய எம்ஆர்ஐயை மறுபடி வாசிப்பது, வாரத்தில் சில நாளாவது வியர்க்க நடப்பது, ஆறு மாதம் கழித்து மறுபடி சோதனை. எம்சிஐ என்றாலே அடுத்தது டிமென்ஷியா என்று நினைக்காதீர்கள். அமெரிக்க நரம்பியல் அகாதமி 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 65-ஐத் தாண்டிய எம்சிஐ உள்ளவர்களில் இரண்டு ஆண்டுகளில் டிமென்ஷியாவுக்குப் போனவர்கள் சுமார் 15%. சிலர் பழைய நிலைக்கே திரும்புவதும் உண்டு.

அம்மாவிடம் சொல்லலாமா என்கிறீர்கள். ஸ்கேன் எடுத்தபின் கேட்கும் கேள்வியாக அதை வைத்திருக்கிறீர்கள், எடுக்கும் முன் கேட்க வேண்டியது அது. அவருடைய மூளை, அவருடைய படம். 'இந்தச் சோதனை எடுத்தால் இப்படி வரலாம், வந்தால் இன்ன செய்யலாம், இன்னதைச் செய்ய முடியாது; தெரிந்துகொள்ள விருப்பமா?' என்று நேரே கேளுங்கள். வேண்டாம் என்றால் அதையும் மதிக்க வேண்டும். பிள்ளைகளுக்குள் மட்டும் ரகசியமாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்து எடுக்காதீர்கள். ரிப்போர்ட் ஒருநாள் அவர் கையிலேயே கிடைக்கும், அவருக்கு ஆங்கிலமும் தெரியும், இணையமும் தெரியும். நிகழ்தகவை நடத்தியவருக்கு '44%' என்பதை உங்களை விட நன்றாகவே புரிந்துகொள்ளத் தெரியும். இப்போது அவர் தெளிவாக இருக்கும்போதே, பணம், சொத்து, பின்னாளில் சிகிச்சை முடிவை யார் எடுப்பது என்பதையெல்லாம் அவர் வாயாலேயே சொல்லவைத்து எழுதி வைத்துக்கொள்வது எந்த முடிவு வந்தாலும் பயன்படும்.

கடைசியாக, ஸ்கேன் மையத்தில் ரிப்போர்ட் தாளோடு விடாமல் படங்கள் அடங்கிய குறுந்தகட்டையும் கேட்டு வாங்கி வையுங்கள். அடுத்த முறை ஒப்பிடத் தாள் உதவாது, படம்தான் வேண்டும். மறதி சில நாட்களிலோ வாரங்களிலோ திடீரென்று மோசமானால், புதிதாகத் தலைவலி, வலிப்பு, நடை தள்ளாட்டம், ஒரு பக்கம் பலவீனம், பகலிலேயே அரைத்தூக்கம் போன்ற மயக்கம் என்று எது வந்தாலும், மேலே பேசிய நிதானமெல்லாம் அதற்குப் பொருந்தாது. அன்றே மருத்துவமனைக்குப் போய் ஒரு சிடி ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.